மேளத் தொழிலாளியும் புதிய கங்காணியும்

வடலூரில் ஒரு கல்யாண மண்டபம். கெட்டி மேளம் முழங்கித் தாலி ஏறிவிட்டது. கூட்டம் பந்திக்கு நகர்ந்துவிட்டது. மேடையோரத்தில் தவில்காரத் தம்பி ஒருவர் விரல்களில் மாட்டிய கூட்டைக் கழற்றாமலே, தமது செல்போனை எதிர் நாற்காலியில் சாத்தி வைக்கிறார். நாதஸ்வரக்காரப் பெரியவரைப் பார்த்து, "அண்ணே, ரெண்டே நிமிஷம்" என்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வந்த பெரியவர், பசியோடு மறுபடியும் சீவாளியை வாயில் வைக்கிறார். இருவரும் வாசிக்கிறார்கள். மண்டபத்தில் கேட்பதற்கு ஆளில்லை. யாருக்காக வாசிக்கிறார்கள்? அந்தச் செல்போனுக்காக!

பந்தியில் கடைசியாக அவர்களோடு நாமும் உட்கார்ந்தோம். தம்பி சொன்னார்: "தோழரே, இப்படி வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால்தான் அடுத்த முகூர்த்தத்துக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். போடாவிட்டால் நான் உயிரோடு இருப்பதே யாருக்கும் தெரியாது." பெரியவர் இலையைப் பார்த்தபடியே முணுமுணுத்தார்: "வித்தையைத் தெருவில் கடை விரிக்கிற காலமாகிவிட்டது." தம்பி நம்மைத் திருப்பிக் கேட்டார்: "கட்சி என்ன சொல்கிறது, தோழரே? இது சரியா, தப்பா?"

கேள்வி நேர்மையானது. பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும். கடை விரித்தும் கொள்வாரில்லையே என்று வள்ளலார் மனம் நொந்ததாகச் சொல்லப்படும் பூமி இது. கடை விரிப்பதில் குற்றமில்லை. கடை யாருடையது, வாடகை யாருக்கு என்பதுதான் கேள்வி.

மேளக்காரர் யார்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். மேளக்காரர் தொழிலாளி. "கலைஞர்" என்று மேடையில் சால்வை போர்த்திவிட்டு, கீழே இறங்கியதும் கூலியைக் குறைத்துப் பேசுகிற சமுதாயம் இது. சால்வை வயிற்றை நிரப்பாது.

அவருடைய உழைப்பைக் கணக்கெடுத்துப் பாருங்கள். தவிலின் கட்டை பலா மரம். பலாவுக்குப் பேர்போன பண்ருட்டி நமக்கு அடுத்த ஊர். அந்தப் பாரமான கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்பில் மணிக்கணக்காக நின்றபடி அடிக்க வேண்டும். நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம். கும்பகோணத்துக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் கடையப்படும் அந்தக் கருவிக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்தது வாஸ்தவம்; அதை ஊதுகிறவருக்கு என்ன கிடைத்தது? மூச்சையே மூலதனமாகப் போட்டு வாழ்கிற மனிதர் அவர். ஆடியும் மார்கழியும் வந்தால் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில் கோயில் விழா கிடைத்தால் உண்டு. கிடைக்காதவர் முந்திரிக் காட்டுக்கும், நடவு வயலுக்கும், சுரங்கத்து ஒப்பந்த வேலைக்கும் போகிறார். வாசகத் தோழர்களே, அவர் உங்களில் ஒருவர்.

பழைய காலம் பொற்காலமா?

பெரியவரின் மனக்குறை நமக்குப் புரிகிறது. ஆனால் பழைய முறை பொற்காலம் என்று நாம் சொல்லமாட்டோம். பழைய முறை என்ன? இந்த ஊர் மேளம் இந்தக் குடும்பத்துக்கு மிராசு. பறையடிப்பவர் பிறப்பினாலேயே அடிக்கக் கடமைப்பட்டவர். மாட்டேன் என்று சொல்ல உரிமையில்லை. கூலி என்று பேச்சே கிடையாது. களத்து நெல்லில் ஒரு பங்கு, அதுவும் பண்ணையார் மனம் வைத்தால்! மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அரண்மனையானாலும் கோயிலானாலும் நின்றுகொண்டே வாசிக்க வேண்டிய நாதஸ்வரத்தை மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் கௌரவத்துக்கு உயர்த்த, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் போன்ற ஒரு மேதையே பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது. சாமானிய மேளக்காரரின் கதி என்னவாக இருந்திருக்கும்?

அப்புறம் தரகர் வந்தார். மண்டப மேனேஜர், சமையல் காண்ட்ராக்டர், போட்டோ ஸ்டூடியோக்காரர், இப்போது 'ஈவென்ட்' கம்பெனி. கல்யாண வீட்டார் கொடுப்பது ஒரு தொகை. மேளக்காரர் கையில் வந்து சேர்வது வேறொரு தொகை. நடுவில் உள்ளது எங்கே போயிற்று என்று கேட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கு அழைப்பு வராது.

நமது வட்டாரத்தில் இன்னொன்றும் நடந்தது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956ல் அமைக்கப்பட்டது. சுரங்கம் விரிய விரியக் கிராமங்கள் காலியாயின. நிலம் போயிற்று, கூடவே ஊர்க் கோயிலும், ஊர்த் திருவிழாவும், தெருவுக்குத் தெரு இருந்த வாடிக்கையும் போயின. ஜனங்கள் பல திக்கிலும் சிதறினார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் விடும் பயிரின் மேல் மண்வெட்டி இயந்திரங்கள் ஏறியதைத் தமிழ்நாடே பார்த்தது. ஊர் கலைந்தால் வாய்வழிப் பேச்சும் கலைகிறது. "நம்ம ஊர் மேளத்தைக் கூப்பிடு" என்று சொல்ல நம்ம ஊரே இல்லாதபோது, மேளக்காரர் தம்மை எப்படித் தெரியப்படுத்திக் கொள்வார்? செல்போனைத்தான் எடுப்பார்! இதில் குற்றம் காண நமக்கு என்ன யோக்கியதை?

ஆகவே, தம்பிக்கு நமது முதல் பதில்: செல்போனை எடுத்தது சரி. மிராசுதாரின் கொல்லைப்புறத்தில் கைகட்டி நிற்காமல், தரகருக்குப் பங்கு அழாமல், சேலத்துக் கல்யாண வீட்டாரோடு நேருக்கு நேர் கூலி பேச முடிகிறதே, அது முன்னேற்றம்தான். இங்கிலாந்தில் 1811ல் பின்னல் தொழிலாளர்கள் பட்டினியின் ஆத்திரத்தில் இயந்திரங்களை உடைத்தார்கள். அவர்களின் ஆத்திரம் நியாயம். ஆனால் உடைக்க வேண்டியது இயந்திரத்தையல்ல, அதைக் கையில் வைத்துக்கொண்டு கூலியை நொறுக்குகிறவனின் அதிகாரத்தை என்பதைத் தொழிலாளி வர்க்கம் அனுபவத்தில் கற்றுக் கொண்டது.

கண்ணுக்குத் தெரியாத கங்காணி

இனி இரண்டாவது பதில். தரகர் ஒழிந்தாரா? இல்லை! வெளியூருக்குக் குடிபெயர்ந்து பெரிய முதலாளியாகிவிட்டார்.

பேஸ்புக் கம்பெனி 2012ல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2014ல் வாட்ஸ்அப்பைச் சுமார் 1,900 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2021ல் தன் பெயரை மெட்டா என்று மாற்றிக் கொண்டது. யூடியூபை 2006ல் கூகுள் வாங்கிவிட்டது. ஆக, தம்பி எந்தத் தெருவில் கடை விரித்தாலும் அது இந்த இரண்டு பண்ணையார்களில் ஒருவரின் நிலம்தான். மெட்டாவின் 2023ம் வருஷத்து வருமானம் சுமார் 13,490 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரத்தில் வந்த பணம்.

விளம்பரத்தை எதன் நடுவே காட்டுகிறார்கள்? தம்பியின் தவிலுக்கு நடுவே! ஜனங்கள் செல்போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டும். அந்த 'ஏதாவது' நமது மேளக்காரர் பசியோடு வாசித்த அந்த இரண்டு நிமிஷம். மண்டபத்தில் வாசித்ததற்குக் கூலி உண்டு. செல்போனுக்கு வாசித்ததற்கு? ஒரு காசு இல்லை. அதற்கு மேல், "உன் வீடியோவை நாலு பேருக்குக் காட்ட வேண்டுமானால் நீ எனக்குப் பணம் கட்டு" என்கிறது கம்பெனி. வேலையும் செய்து, வேலை செய்ய அனுமதிக்காகக் காசும் கொடுப்பதை எந்த வயலில் கண்டோம்? தேயிலைத் தோட்டத்துக் கங்காணிகூட வெட்கப்படுவான்!

பழைய கங்காணிக்கு முகம் இருந்தது. வழி மறித்துக் கேட்கலாம். ஊர் கூடிக் கண்டிக்கலாம். புதிய கங்காணிக்கு முகம் இல்லை. யாருடைய வீடியோ மேலே வர வேண்டும், யாருடையது அமுங்க வேண்டும் என்பதை அவன் இஷ்டப்படி தீர்மானிக்கிறான். விதியை மாற்றினால் சொல்லமாட்டான். போன மாதம் ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். இந்த மாதம் ஐம்பது பேர். ஏன்? பதில் சொல்ல ஆள் கிடையாது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2020 ஜூன் 29 அன்று மத்திய சர்க்கார் டிக்டாக்கைத் தடை செய்தது. தடையின் அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் பாடியும் ஆடியும் மேளம் அடித்தும் லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்திருந்த கிராமத்து ஏழைக் கலைஞர்கள் ஒரே இரவில் முகவரியற்றவர்கள் ஆனார்கள். அதுவும் எப்போது? கொரோனா ஊரடங்கில், கோயில்கள் பூட்டிக் கிடக்க, கல்யாணத்துக்கு 50 பேர் என்று உத்தரவு போட்டிருந்த வருஷத்தில்! மறுபடி, 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் செத்துக் கிடந்தன. ஒருவர் கதவைப் பூட்டினால் உலகத்தின் சந்தைகள் எல்லாம் பூட்டிக்கொள்ளும் இதற்குப் பெயர் ஏகபோகம் அல்லாமல் வேறென்ன?

தோளோடு தோள் உரசியவர் போட்டியாளர் ஆனார்

கம்பெனி பணம் எடுத்துக் கொள்வதோடு விஷயம் முடியவில்லை. மேளக்காரர்களை ஒருவருக்கொருவர் மோதவிடுவதுதான் பெரிய கெடுதல்.

கல்யாண வீட்டார் பத்துப் பேரின் வீடியோவைப் பார்க்கிறார்கள். பத்துப் பேருக்கும் போன் போடுகிறார்கள். "அவர் இவ்வளவு குறைவாக வருகிறாராம், நீங்கள்?" என்கிறார்கள். குறைத்தவருக்கு அச்சாரம். குறைத்த தொகையில் அவர் எப்படிக் கட்டுபடியாக்குவார்? ஐந்து பேர் செட்டை மூன்று பேராக்குவார். ஒத்தும் தாளமும் வாசித்தவர் கழற்றிவிடப்படுவார். அந்த இடத்தில் சுருதிப் பெட்டி உட்காரும். வீட்டுக்குப் போகிறவர் பெரும்பாலும் வயதானவர். ஐம்பது வருஷம் ராகம் ஆராய்ந்த கிழவருக்குக் கேமரா முன்னால் குதிக்கத் தெரியாது. அரை நிமிஷ வீடியோவில் தோடியை எங்கே ஆலாபனை செய்வது? சினிமாப் பாட்டின் முதல் வரி, ஒரு குதி, ஒரு கண்சிமிட்டல், முடிந்தது! சினிமாப் பாட்டை நாம் பழிக்கவில்லை. ஜனங்கள் விரும்பினால் வாசிக்க வேண்டியதுதான். ஆனால் அதை மட்டுமே வாசி என்று ஒரு கம்பெனியின் கணக்கு நிர்ப்பந்திப்பதை எதிர்க்கிறோம்.

மோசடிக்காரர்களும் இந்தச் சந்தையில் புகுந்துவிட்டார்கள். "உங்கள் வீடியோ பார்த்தோம், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வர வேண்டும், அச்சாரம் அனுப்புகிறோம், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று போன் வரும். போட்டால் பணம் வராது, உள்ளது போய்விடும். தோழர்கள் மனதில் பதித்துக் கொள்ளுங்கள்: பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். தாமதமானால் பணம் கைமாறிக்கொண்டே போய்விடும்.

இன்னொரு குழப்பம்: "சினிமாப் பாட்டு வாசித்தால் கேஸ் போடுவார்களாமே?" 1957ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவு, மதச் சடங்கின் பகுதியான கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தைச் சேர்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டு வாசிப்பதற்கு விலக்களித்திருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய சர்க்காரின் துறையே இதை விளக்கிப் பகிரங்க அறிவிப்பு கொடுத்தது. ஹோட்டல் விருந்துகளைப் பற்றி இசைக் கம்பெனிகள் வழக்காடி வந்தாலும், சட்டப் பிரிவு அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு மண்டபத்துக்குத்தான், வீடியோவுக்கு அல்ல. அதே பாட்டை யூடியூபில் ஏற்றினால் சத்தத்தை அடைத்துவிடலாம், அல்லது அதில் வரும் விளம்பரக் காசைப் பாட்டுக் கம்பெனி எடுத்துக் கொள்ளலாம். ஆகவே விளம்பரத்துக்குப் போடும் வீடியோவில் மல்லாரியும், நமது நாட்டுப்புற அடிகளும் இருக்கட்டும். அவற்றுக்கு முதலாளி கிடையாது!

என்ன செய்வது?

"தனித்தனியே போட்டி போட்டு யாராவது ஒருவர் பிழைத்துக் கொள்ளட்டும்" என்பது முதலாளித்துவத்தின் போதனை. "கூடி நின்று எல்லோரும் பிழைப்போம்" என்பது நமது போதனை. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சென்னையில் சினிமா வாத்தியக்காரர்களைக் கம்பெனிகள் இஷ்டப்படி ஆட்டி வைத்த காலத்தில், கம்யூனிஸ்டான எம்.பி. சீனிவாசன் அவர்களைச் சங்கமாகத் திரட்டுவதில் முன் நின்றார். அவரே இசையமைப்பாளர், தனியே சுகமாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1988ல் மறையும்வரை சேர்ந்து பாடுவதையும் சேர்ந்து நிற்பதையும் ஒன்றாகவே கருதினார்.

வடலூர், குறிஞ்சிப்பாடி, நெய்வேலி வட்டார மேளத் தோழர்களுக்கு நமது யோசனைகள் இவை:

முதலாவது, ஆளுக்கொரு பக்கம் இருந்தாலும் எல்லோருக்குமாக ஒரு பொதுப் பக்கமும், ஒரு பொதுப் போன் எண்ணும் வையுங்கள். நாதஸ்வரம், தவில், பறை, நையாண்டி, பேண்டு எல்லாம் அதில் இடம் பெறட்டும். வீடியோ எடுக்கத் தெரிந்த இளைஞர் கிழவருக்கும் எடுத்துப் போடட்டும். வந்த அழைப்பை முறை வைத்துப் பகிருங்கள். அதில் சாதிக்கொரு வரிசை கூடவே கூடாது. பறைக்காரத் தோழர் கடைசியில் என்றால் அந்தப் பக்கத்தை அன்றே மூடிவிடுங்கள்.

இரண்டாவது, ஆளொன்றுக்குக் குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று கூடிப் பேசித் தீர்மானியுங்கள். அதற்குக் கீழே யாரும் போகக்கூடாது. அதற்கு மேலே திறமைக்குத் தக்கபடி வாங்கட்டும்.

மூன்றாவது, அச்சாரம், நேரம், ஆள் கணக்கு, வண்டிச் செலவு, சாப்பாடு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். கல்யாணம் நின்றுபோனால் அச்சாரம் என்னாகும் என்பதும் அதில் இருக்கட்டும்.

நான்காவது, வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கம்பெனி பூட்டினாலும் நோட்டை யாரும் பூட்ட முடியாது.

ஐந்தாவது, 2007ல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் தகுதியுள்ள ஒவ்வொருவரும் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், இறப்பு முதலியவற்றுக்கு உதவி பெறுவது உரிமை, பிச்சை அல்ல. வேலையற்ற மாதங்களுக்கு நிவாரணம் கேட்டு மகஜர் கொடுக்கவும் சங்கம் வேண்டும்.

தம்பி இங்கே நம்மை மடக்கினார்: "தோழரே, நாங்கள் கூலியை ஒன்றாக நிறுத்தினால் கல்யாண வீட்டார் கேரளத்துச் செண்டை மேளத்துக்கோ, ஒலிபெருக்கிப் பெட்டிக்கோ போய்விடமாட்டார்களா?" சிலர் போவார்கள். இதை மறைப்பானேன்? ஆனால் இன்று கூலியைக் குறைத்துக்கொண்டே போயும் அவர்கள் போகத்தானே செய்கிறார்கள்? குறைப்பதால் வேலை நிலைக்கவில்லை. கூலி மட்டும் நிலையாகக் குறைந்துவிட்டது. செண்டைக்காரரும் நம்மைப் போன்ற தொழிலாளிதான். அவரோடு பகைமை வேண்டாம், பேச்சு வேண்டும்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை

ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளித் தோழர்களே! இப்போது உங்களிடம் நேராகக் கேட்கிறோம். போனஸுக்காகக் கேட் முன்னால் கோஷமிடுகிற நாம், நம் வீட்டுக் கல்யாணத்தில் மேளக்காரரிடம் என்ன செய்கிறோம்? மண்டபத்துக்கும் பந்திக்கும் பேனருக்கும் கடன் வாங்கிக் கொட்டிவிட்டு, கடைசியில் மேளக்காரரிடம் மட்டும் "கொஞ்சம் பார்த்துக்கொள்" என்கிறோம். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவரைப் பந்திக்கு அழைக்கிறோம். பேசிய நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் அடிக்கச் சொல்லிவிட்டு, ஓவர்டைம் என்ற வார்த்தையையே மறந்துவிடுகிறோம். அந்த நேரத்தில் நாம் யார்? முதலாளிதான்!

கட்சிக்காரர்களான நாமும் தப்பவில்லை. பாவலர் வரதராசனைப் போன்றவர்கள் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகச் சென்று நமது கொள்கையைப் பாட்டாக்கிய பரம்பரை நம்முடையது. இன்றும் ஊர்வலத்தின் முன்னால் பறை முழங்காமல் நாம் புறப்படுவதில்லை. முழங்கியவருக்கு என்ன கொடுத்தோம்? பல சமயம் ஒரு டீயும், "நன்றி தோழர்" என்ற வார்த்தையும்தான். அன்று அவர் இழந்த கூலியை யார் கணக்கெடுத்தோம்? இதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருப்பது அதைவிட வெட்கம். பறை முழக்கும் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது கைதட்டினோம். நம்ம ஊர்ப் பறைக்காரருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிட்டுக் கைதட்டியிருந்தால் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இருந்திருக்கும். இனி நமது கூட்டங்களின் வரவு செலவில் மேளக் கூலி முதல் இனமாக எழுதப்பட வேண்டும்.

வடலூரில் 1867ல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. பசித்தவர் யார் என்று கேட்டபின் சோறிடும் வழக்கம் அங்கே இல்லை. அந்த ஊரில், நமது கல்யாணங்களுக்கு மங்கல ஓசை தருகிறவர் பசியோடு ஒரு செல்போனுக்கு வாசிக்க நேர்வது நமக்குத் தலைகுனிவு.

தம்பி, உங்கள் செல்போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஆனால் அதைத் தனியாகப் பிடிக்காதீர்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு முன் பெரியவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். பத்துப் பேர் உட்காருவோம், குறைந்தபட்சக் கூலியை எழுதுவோம். ஒரு தவில் முழங்கினால் தெருவுக்குத்தான் கேட்கும். வட்டாரத்துத் தவில்கள் எல்லாம் ஒரே காலத்தில் முழங்கினால், முகமில்லாத கங்காணிக்கும் காது கேட்கும்!